பச்சை உடம்புக்காரி ஏன் அழுகிறாள்?



இந்தச் சுகாதாரப் பகுதியில் டெங்கிக் காய்ச்சலைப் பற்றி எழுதியிருக்கிறோம். மருந்து தெளிக்கும்போது கையுறையும் முகமூடியும் போடச் சொல்லி எழுதியிருக்கிறோம். சர்க்கரை, இரத்தக் கொதிப்பு பற்றிப் பலமுறை எழுதியாயிற்று. இந்த மாதம் எழுதப் போகும் நோய் வேறு மாதிரியானது. இதில் உடம்பு சுடாது. புண் இருக்காது, வீக்கம் இருக்காது. பார்க்கிறவர்களுக்கு "நல்லாத்தானே இருக்கா" என்றே தோன்றும். ஆனால் இது நம் வீடுகளுக்கு அடிக்கடி வந்து போகிற நோய்தான்.

சில மாதங்களுக்கு முன் சங்க ஆபீசில் சந்தாக் கட்ட வந்த ஓர் அக்கா, ரசீதை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு, போகாமல் நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"மக சிங்கப்பூர்ல, பூன் லேயில இருக்கா. புள்ள பொறந்து ஆறு வாரம் ஆவுது. நான் ஒரு மாசம் கூட இருந்து, பத்தியம் பாத்து, குளிக்க வச்சிட்டுத்தான் வந்தேன். இப்ப போன் போட்டா அழுவுறா. 'இந்தப் புள்ளைக்கு அம்மாவா இருக்க நான் லாயக்கில்லம்மா'ங்குறா. காத்து கருப்பு ஏதும் பட்டிருக்குமா? ஒரு கயிறு மந்திரிச்சுக் கொடுத்தனுப்பட்டுமா?"

கயிறு கட்டினால் தப்பு என்று நான் சொல்லவில்லை. அது அவரவர் நம்பிக்கை. ஆனால் கயிற்றோடு நின்றுவிடாதீர்கள் அக்கா, மகளுக்கு வந்திருப்பது வைத்தியம் இருக்கிற ஒரு நோயாக இருக்கலாம் என்று சொன்னேன். அன்று அரை மணி நேரம் அவரிடம் பேசியதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் மகளோ மருமகளோ பிள்ளை பெறப் போகிறாள் அல்லவா?

முதலில் பூன் லேயைப் பற்றி. என் தம்பி குடும்பம் அந்தப் பக்கம் இருப்பதால் நானும் பலமுறை போயிருக்கிறேன். சிங்கப்பூரின் மேற்கே, ஜூரோங் வட்டாரத்தில் இருக்கிறது. சியூ பூன் லே என்கிற சீன வியாபாரிக்கு அங்கே பெரிய நிலம் இருந்தது. முதலில் கேம்பியர், மிளகு, பிறகு ரப்பர். அவர் பெயர்தான் ஊருக்கு நின்றது. ஆக, இன்று அடுக்குமாடி வீடுகள் நிற்கிற மண்ணில் ஒரு காலத்தில் பால் மரம் நின்றது. 1968-ல் ஜூரோங் நகராண்மைக் கழகம் அமைந்த பிறகு அந்தச் சுற்று வட்டாரம் முழுவதும் தொழிற்சாலைகளும் தொழிலாளர் வீடுகளுமாக வளர்ந்தது. இன்றைக்கும் துவாசுக்கும் ஜூரோங் தீவுக்கும் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர் அங்கேதான் குடியிருக்கிறார்கள்.

வீடு நல்ல வீடு. குழாயைத் திருகினால் தண்ணீர், கீழே இறங்கினால் சந்தை, பக்கத்திலேயே பஸ், ரயில். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கதவைச் சாத்தினால் சாத்தினதுதான். நம் லயத்து வீட்டில் ஒரு பிள்ளை ராத்திரி இரண்டு மணிக்கு அழுதால் நாலாவது வீட்டுக் கிழவி காலையில் வந்து, "என்னா, புள்ளைக்கு வயித்து வலியா?" என்று கேட்பாள். சில சமயம் அது தொல்லைதான்! ஆனால் தாய் அழுதாலும் அதே கிழவிக்குத்தான் முதலில் தெரியும். பத்தாவது மாடியில் ஒருத்தி அழுதால் யாருக்குக் கேட்கும்? புருஷன் ராத்திரி ஷிப்டில் இருப்பான். விசிட் பாசில் வந்த அம்மாவும் நாள் முடிந்து ஊர் திரும்பிவிட்டாள். பிறகு அவளும் பிள்ளையும்தான்.

இதைப் படித்துவிட்டு, தோட்டத்தில் இருந்தால் இந்த நோய் வராது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கிராமத்திலும் வருகிறது. அதைக் கணக்கெடுத்தே பார்த்திருக்கிறார்கள். சொல்கிறேன்.

பிள்ளை பெற்றவள் அழுகிறாள் என்றால் அது மூன்று விதமாக இருக்கலாம். மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் நமக்குத் தொல்லை.

முதலாவது, சும்மா வந்து போகிற அழுகை. பிள்ளை பிறந்த மூன்றாம் நாள், நாலாம் நாள், தாய்ப்பால் இறங்குகிற சமயத்தில் வரும். காரணமில்லாமல் கண் கலங்கும். அடுத்த நிமிஷம் சிரிப்பாள். சுள்ளென்று கோபம் வரும். பாதிக்கு மேற்பட்ட தாய்மார்களுக்கு இது வருகிறது. பத்து நாளில், மிஞ்சினால் இரண்டு வாரத்தில், தானே போய்விடும். தூக்கமும் நல்ல சாப்பாடும் கூட ஓர் ஆளும் இருந்தால் போதும். மருந்து வேண்டாம்.

இரண்டாவதுதான் நாம் பேச வந்த விஷயம்: பிள்ளைப்பேற்றுக்குப் பின் வருகிற மனச்சோர்வு. இரண்டு வாரம் தாண்டியும் போகாது. பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில் தலைகாட்டும். ஒரு வருஷத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். பலருக்குப் பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே ஆரம்பித்திருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். நாள் முழுக்க மனசு இருண்டு கிடக்கும். எதிலும் பிடிப்பு இருக்காது. பிள்ளை தூங்கினாலும் இவளுக்குத் தூக்கம் வராது. இந்த ஒன்றை நன்றாக மனதில் வையுங்கள்: பிள்ளை அழுவதால் தாய் தூங்காமல் இருப்பது வேறு, பிள்ளை தூங்கியும் தாயால் தூங்க முடியாமல் இருப்பது வேறு. சோறு இறங்காது. "நான் கெட்ட தாய்" என்ற எண்ணம் விடாமல் அரிக்கும்.

நம் பெண்கள் "எனக்கு மனசு சரியில்லை" என்று வந்து சொல்ல மாட்டார்கள். தலை பாரமாக இருக்கிறது, உடம்பெல்லாம் எரிகிறது, நெஞ்சு படபடக்கிறது, கை கால் அசதி, பால் வற்றிவிட்டது என்றுதான் சொல்வார்கள். நாமும் தலைவலித் தைலத்தைத் தேய்த்துவிட்டுப் போய்விடுகிறோம்.

மூன்றாவது அபூர்வம், ஆனால் ஆபத்து. ஆயிரம் பேறில் ஒன்றிரண்டு தாய்மார்களுக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், திடீரென்று புத்தி தடுமாறும். இல்லாத குரல் கேட்கும். இரண்டு மூன்று நாள் தூக்கமே இல்லாமல் சுறுசுறுப்பாகத் திரிவாள், சம்பந்தமில்லாமல் பேசுவாள், பிள்ளையைப் பற்றி விபரீதமாக ஏதாவது சொல்வாள். நம் ஆட்கள் "பேய் பிடித்துவிட்டது" என்று சாமியாடியிடம் இழுத்துக்கொண்டு ஓடுவது இதற்குத்தான். இது அவசர ஆஸ்பத்திரிக் கேஸ். அன்றைக்கே, அந்த மணி நேரமே கொண்டுபோக வேண்டும். தாயையும் பிள்ளையையும் தனியாக விடக் கூடாது. வைத்தியம் பார்த்தால் பெரும்பாலோர் முழுசாகத் தேறிவிடுகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இனி, இரண்டாவது வகை எத்தனை பேருக்கு வருகிறது?

உலகச் சுகாதார நிறுவனம் சொல்லுகிற கணக்குப்படி, பிள்ளை பெற்ற பெண்களில் நூற்றுக்கு 13 பேருக்கு மனநோய் ஏதாவது வருகிறது. அதில் பெரும்பாலும் இந்த மனச்சோர்வுதான். ஏழை நாடுகளை மட்டும் எடுத்தால் நூற்றுக்கு ஏறக்குறைய 20. இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017-ல் வெளியிட்ட கணக்கு நூற்றுக்கு 22 என்கிறது. சிங்கப்பூரில் 2005-ல் வெளியான ஓர் ஆய்வு, கர்ப்பக் காலத்தில் நூற்றுக்கு 12 பேருக்கும், பிள்ளை பெற்ற பின் நூற்றுக்கு 7 பேருக்கும் மனச்சோர்வு இருந்ததாகக் கண்டது. மலேசியாவில் 2016-ல் நாடு முழுவதும் எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு 4-க்குச் சற்று மேல்.

ஏன் இப்படி ஆளுக்கொரு கணக்கு என்று கேட்பீர்கள். வாழ்க்கை வித்தியாசம் ஒரு காரணம். எந்தக் கேள்வியை, எந்த வாரத்தில், யார் கேட்டார்கள் என்பது இன்னொரு காரணம். மாமியார் பக்கத்தில் நிற்கும்போது, "எப்படிம்மா இருக்கே?" என்று கேட்டால் எந்த மருமகள் வாயைத் திறப்பாள்? "நல்லா இருக்கேன்" என்பாள். அதுவும் ஒரு கணக்கில் போய்ச் சேரும். எப்படிப் பார்த்தாலும் இருபத்தைந்து தாய்மார்களில் ஒருத்தியாவது இருக்கிறாள். நம் தோட்டத்தில் சென்ற ஒரு வருஷத்தில் பிறந்த பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். ஆயாக் கொட்டகைத் தொட்டில்களை எண்ணினாலும் சரி.

நம்மவர்களிடையே நடந்த ஆய்வு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் வேலூருக்குப் பக்கத்தில் கணியம்பாடி என்று ஒரு வட்டாரம். விவசாயக் கூலிகள் நிறைந்த கிராமங்கள். வேலூர்க் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்காரர்கள் அங்கே நிறைமாதக் கர்ப்பிணிகள் 359 பேரைப் பேட்டி கண்டார்கள். பிறகு அவர்களில் 301 பேரைப் பிள்ளை பெற்ற 6 முதல் 12 வாரத்துக்குள் மறுபடியும் பார்த்தார்கள். 2002-ல் முடிவு வெளியாயிற்று. நூற்றுக்கு 11 பேருக்குப் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. யாருக்கு அதிகம் வந்தது தெரியுமா? வருமானம் குறைந்த வீட்டுப் பெண்ணுக்கு. ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிள்ளை பெற்றவளுக்கு. மாமியாரோடோ பெற்றோரோடோ மனத்தாங்கல் உள்ளவளுக்கு. கர்ப்பக் காலத்தில் சாவு, கடன் என்று ஏதாவது அடி விழுந்தவளுக்கு. வீட்டு வேலையில் ஒத்தாசைக்கு ஆள் இல்லாதவளுக்கு.

அதே 2002-ல் கோவாவிலிருந்து டாக்டர் விக்ரம் பட்டேலும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்விலும் இதே கதைதான். அங்கே ஆறு முதல் எட்டு வாரத்தில் நூற்றுக்கு 23 பேர். வறுமை, புருஷனோடு ஒத்துப்போகாமை, பெண் குழந்தை பிறந்தது.

பெண் பிள்ளை பெற்றதைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. ஆஸ்பத்திரி வாசலிலேயே, "பரவாயில்ல, அடுத்தது பையனாப் பொறக்கும்" என்று ஆறுதல் சொல்லுகிற வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறோம். ஆனால் படுக்கையில் கிடக்கிறவள் காதில் அது என்னவாக விழுகிறது? இவ்வளவு வலிபட்டு நீ கொண்டுவந்தது உருப்படியான சாமான் இல்லை என்றுதானே விழுகிறது? பையனா பெண்ணா என்பது தகப்பன் கொடுத்த விதையைப் பொறுத்தது என்று பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனாலும் பேச்சு வாங்குகிறவள் அவள்தான்!

உடம்பிலும் காரணம் இருக்கிறது. கர்ப்பக் காலத்தில் மலை போல் ஏறியிருந்த சில சுரப்பு நீர்கள், பிள்ளை பிறந்த ஓரிரு நாளில் மளமளவென்று இறங்கிவிடுகின்றன. சிலருக்குக் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி தடுமாறுகிறது. அதற்கும் அசதி, சோர்வு, அழுகைதான் அடையாளம். இரத்தசோகையும் சேர்ந்துகொள்ளும். அதனால்தான் டாக்டர் முதலில் இரத்தம் எடுத்துப் பார்ப்பார். இரத்தசோகையோ தைராய்டோ காரணமென்றால் அதற்கே மருந்து உண்டு. முன்பே ஒரு தடவை மனச்சோர்வு வந்தவளுக்கும், தாய்க்கோ அக்காளுக்கோ வந்திருந்தால் அவளுக்கும், வாய்ப்புக் கூடுதல். புருஷன் கை நீட்டுகிற வீட்டில் மிகவும் கூடுதல். குடித்துவிட்டு அடிப்பவன் வீட்டில், "மருந்து சாப்பிட்டும் தேறவில்லையே" என்று மருந்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

பத்தியத்துக்கு வருவோம். இதில் எனக்கும் படித்த பிள்ளைகளுக்கும் அடிக்கடி சண்டை. அவர்கள் "எல்லாம் மூடநம்பிக்கை" என்கிறார்கள். எங்கள் கிழவிகளோ ஒரு துளி மாற்றக் கூடாது என்கிறார்கள். நான் மேலே சொன்ன 2005-ஆம் ஆண்டுச் சிங்கப்பூர் ஆய்வு இந்த விஷயத்தையும் பார்த்தது. பேறுகாலம் காக்கும் வழக்கம் சீனருக்கும் உண்டு, மலாய்க்காரருக்கும் உண்டு, நமக்கும் உண்டு. அந்த நாட்கள் மனக்கசப்பாகப் போன பெண்ணுக்கும், மனத்துக்கு ஆறுதலான ஆள் இல்லாதவளுக்கும்தான் மனச்சோர்வு அதிகம் வந்தது என்று கண்டார்கள்.

அதாவது, மிளகும் பூண்டும் போட்ட குழம்பில் குற்றம் இல்லை. "நீ படு, பிள்ளையை நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லி வைக்கிற குழம்பு மருந்தாக இறங்கும். "நாங்கல்லாம் அஞ்சு பெத்து மறுமாசமே மரம் வெட்டப் போனோம், இவளுக்கு ஒண்ணுக்கே இந்தப் பாடு" என்று சொல்லிக்கொண்டு வைக்கிற குழம்பு இறங்காது. தண்ணீர் குடிக்காதே, தலை குளிக்காதே, வெளியே எட்டிப் பார்க்காதே என்று நாற்பது நாள் இருட்டறையில் போடுவதும் வேண்டாம். பால் கொடுக்கிறவளுக்குத் தண்ணீர் நிறைய வேண்டும்.

அந்தக் காலத்துப் பெண்கள் இதெல்லாம் இல்லாமல்தானே இருந்தார்கள் என்கிறீர்களா? இருந்தார்களா? பிள்ளை பெற்ற வருஷத்தில் "புத்தி பேதலித்து"ப் போனவள், "யாரிடமும் பேசாமலே" வாழ்ந்து செத்தவள், கிணற்றடிக்குப் போய்த் திரும்பாதவள் என்று ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு கதை உண்டு. எங்கள் பழைய தோட்டத்திலும் ஒருத்தி இருந்தாள். அன்றைக்கு அதற்குப் பெயர் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பெயர் தெரிந்த பிறகும், எப்படிக் கேட்பது என்பது டாக்டர்களுக்கே பிரச்சினையாக இருந்தது. 1987-ல் ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரத்தைச் சேர்ந்த மூன்று ஆய்வாளர்கள் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாளைத் தயாரித்தார்கள். வீட்டுக்கு வருகிற நர்சுகூடக் கொடுக்கலாம். தாயே ஐந்து நிமிஷத்தில் குறித்துவிடலாம். உலகம் முழுவதும் இன்று பெரும்பாலும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். வேலூர்க்காரர்கள் அதைத் தமிழில் ஆக்கி, சரியாக வேலை செய்கிறதா என்று சோதித்து 2005-ல் வெளியிட்டார்கள். சிங்கப்பூரில் கே.கே. மகளிர், சிறார் மருத்துவமனை 2008-ல் பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கு இந்த நோய் இருக்கிறதா என்று கேட்டறிந்து வைத்தியம் செய்யும் திட்டத்தைத் தொடங்கியது. நம் பழைய ஆட்கள் "கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரி" என்பார்களே, அதேதான். 1966-ல் ஒரே வருஷத்தில் 39,835 பிள்ளைகள் பிறந்து உலக சாதனைப் புத்தகத்தில் ஏறிய ஆஸ்பத்திரி. அவ்வளவு பிள்ளைகளை எண்ணி வைத்தார்கள். தாய்மார்களிடம் "மனசு எப்படி இருக்கிறது?" என்று முறையாகக் கேட்கும் திட்டம் வர இன்னும் 42 வருஷம் ஆயிற்று. குறையாகச் சொல்லவில்லை. உலகம் முழுவதும் அப்படித்தான் நடந்தது.

அந்தத் தாளை இங்கே அச்சடிக்கவில்லை. மதிப்பெண் போட்டுப் பார்ப்பது நர்சு, டாக்டர் வேலை. ஆனால் அது எதை எதையெல்லாம் விசாரிக்கிறதோ அதை நாமும் நம் பேச்சில், பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டு, யாரும் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்கலாம். இந்த ஒரு வாரமாக மனம் விட்டுச் சிரித்தாயா? நாளைக்கு இது செய்யலாம், அது செய்யலாம் என்று ஆசை வருகிறதா? எது நடந்தாலும் என்னால்தான் என்று தோன்றுகிறதா? காரணமில்லாமல் பயமாக, பதற்றமாக இருக்கிறதா? வேலையெல்லாம் தலைக்கு மேல் ஏறி நிற்கிற மாதிரி இருக்கிறதா? தூக்கம் பிடிக்கிறதா? அழுகை வருகிறதா?

கடைசியாக ஒரு கேள்வி இருக்கிறது. அதைக் கேட்க நமக்கு நாக்கு வராது: "செத்துப் போயிடலாம்னு தோணுதாம்மா?" கேட்டால் இல்லாத எண்ணத்தை உண்டாக்கிவிடுவோமோ என்று பயப்படுகிறோம். அந்தப் பயம் வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் வராது. ஏற்கெனவே இருந்தால், யாரோ ஒருத்தர் கேட்டார்களே என்று பாரம் கொஞ்சம் இறங்கும். "ஆமாம்" என்றால் திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். அவளைத் தனியாக விடாமல், வீட்டிலுள்ள மாத்திரை, களைக்கொல்லி எல்லாவற்றையும் அவள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டிவிட்டு, அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சில தாய்மார்களுக்கு, "பிள்ளையைக் கீழே போட்டுவிடுவேனோ, ஏதாவது செய்துவிடுவேனோ" என்று பயங்கரமான எண்ணம் மின்னல் மாதிரி வந்து போகும். அவள் நடுங்கிப்போவாள். வெளியே சொன்னால் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று மறைப்பாள். அந்த எண்ணத்தைக் கண்டு அவளே பயப்படுகிறாள் என்றால், அது அவள் ஆசை அல்ல, நோய் செய்கிற வேலை. இதை டாக்டரிடம் அவள் தைரியமாகச் சொல்லலாம்.

வைத்தியம் என்ன? லேசாக இருந்தால் பேச்சு வைத்தியமே போதும். பயிற்சி பெற்றவர் வாரம் ஒருமுறை உட்கார்ந்து பேசுவார். இதற்குப் பெரிய படிப்புப் படித்தவர்தான் வேண்டும் என்பதில்லை. பாகிஸ்தானில் ராவல்பிண்டி பக்கத்துக் கிராமங்களில், பள்ளிப் படிப்பு மட்டும் உள்ள சுகாதாரப் பணிப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். 2008-ல் அதன் முடிவு வந்தது. கர்ப்பத்திலேயே மனச்சோர்வு இருந்த தாய்மார்களில், அவர்கள் போய்ப் பேசிய ஊர்களில் ஆறாம் மாதத்தில் நூற்றுக்கு 23 பேருக்குத்தான் நோய் மிச்சம் இருந்தது. மற்ற ஊர்களில் 53 பேருக்கு இருந்தது. நம் ஆயாக் கொட்டகை ஆயாக்களுக்கு இப்படி ஒரு பயிற்சி கொடுத்தால் என்ன என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. கிளைக் கூட்டத்தில் யாராவது இதைப் பேச்சுக்கு எடுக்கலாம்.

நோய் கடுமையாக இருந்தால் மாத்திரை கொடுப்பார்கள். "மாத்திரை சாப்பிட்டால் பால் கொடுக்கக் கூடாதே" என்று பலர் மாத்திரையை விடுகிறார்கள், சிலர் பாலை விடுகிறார்கள். இரண்டும் அவசரம். செர்ட்ரலின் போன்ற சில மருந்துகள் பாலில் மிக மிகக் குறைவாகவே கலக்கின்றன. பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடலாம். பால் கொடுக்கிறேன் என்பதை டாக்டரிடம் சொல்லிவிட்டால் அவர் பார்த்து எழுதுவார். பலன் தெரிய இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். தேறியதும் தானாக நிறுத்திவிடக் கூடாது. வழக்கமாக, குணமான பிறகும் ஆறு மாதமாவது சாப்பிடச் சொல்வார்கள்.

கணவன்மார்களே, உங்களிடம் தனியாக ஒன்று. ராத்திரியில் ஒரு வேளையாவது பிள்ளையை நீங்கள் தூக்கிக்கொண்டு, அவளைத் தொடர்ந்து நாலைந்து மணி நேரம் தூங்க விடுங்கள். அந்த உதவிக்கு ஈடான மருந்து எந்தக் கடையிலும் இல்லை. மலேசியாவில் 2023 ஜனவரி முதல் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாகிவிட்டது. தகப்பனுக்கு 7 நாள் உண்டு. ஒரே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும், முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். சிங்கப்பூரில் பிள்ளை அந்நாட்டுக் குடியுரிமை பெற்றதானால் தாய்க்கு 16 வாரம், தகப்பனுக்கு 2025 ஏப்ரல் முதல் 4 வாரம். இந்த விடுப்பை எடுத்துக்கொண்டு சிநேகிதர்களோடு மீன்பிடிக்கப் போனவர்களை எனக்குத் தெரியும். பெயர் போடவில்லை! உங்களுக்கும் இந்த நோய் வரலாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பத்துத் தகப்பன்மார்களில் ஒருவருக்கு வருவதாக 2010-ல் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அது பெரும்பாலும் அழுகையாக வராது. எரிச்சலாகவும் போத்தலாகவும் வரும்.

எங்கே போவது? தோட்டத்தில் இருப்பவர்கள், வீட்டுக்கு வருகிற அரசாங்கக் கிளினிக் நர்சிடமே சொல்லலாம். பிள்ளைக்கு ஊசி போடப் போகும் நாளில் தாயைப் பற்றியும் சொல்லுங்கள். அன்றைக்குப் பிள்ளையை மட்டும் எடை போட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள். பூன் லே பக்கம் இருப்பவர்களுக்கு ஜூரோங் வெஸ்டில் பயனியர் பலதுறை மருந்தகம் இருக்கிறது; 2017-ல் திறந்தது. பிள்ளை பெற்ற ஆஸ்பத்திரிக்கே திரும்பப் போய்க் கேட்டாலும் வழி சொல்வார்கள். போனில் பேச வேண்டுமானால் சிங்கப்பூரில் 1771. உயிரை விடுகிற எண்ணம் இருந்தால் 1767. உயிருக்கு ஆபத்து என்றால் ஆம்புலன்சுக்கு 995. மலேசியாவில் 15555. தமிழ்நாட்டில் சொந்தக்காரர்கள் இருந்தால் 14416, இலங்கையில் 1926. எண்களை வெட்டி அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

அந்த அக்கா அன்று சாயங்காலமே மகளுக்குப் போன் போட்டு, நான் சொன்ன மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார். கடைசிக் கேள்வியை மட்டும் அவரால் கேட்க முடியவில்லையாம். மகளே, "அம்மா, சில சமயம் செத்துடலாம் போல இருக்கு" என்று சொல்லியிருக்கிறாள். அக்கா மருமகனைக் கூப்பிட்டு, "ராத்திரி ஷிப்டு வேணாம், இன்னிக்கே லீவு சொல்லு" என்றாராம். அன்று ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். அக்காவும் மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறிவிட்டார். இரத்தம் எடுத்துப் பார்த்ததில் இரத்தசோகையும் இருந்தது. அதற்கு மாத்திரை, மனசுக்கு மாத்திரை, வாரா வாரம் பேச ஓர் அம்மா. முதல் மூன்று வாரம், "ஒண்ணுமே மாறலியே" என்று அக்கா எனக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தார். ஐந்தாவது வாரம் மகள் தானாகவே பிள்ளையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு சந்தைக்குப் போய் மீன் வாங்கி வந்தாளாம். அந்த மீன் விலையைக்கூட அக்கா சொன்னார், கொள்ளை விலை.

போன வாரம் சந்தாக் கட்ட வந்தார். பிள்ளைக்கு ஏழு மாதம். மகள் மாத்திரையை இன்னும் நிறுத்தவில்லை, டாக்டர் சொன்னபடி சாப்பிட்டு வருகிறாள். மந்திரித்த கயிறும் கையில் இருக்கிறதாம். ரசீதை மடித்து வைத்துக்கொண்டு, பல் முளைக்கிறபோது பிள்ளைக்குக் காய்ச்சல் வருமா என்று கேட்டார். அதைப் பற்றி அடுத்த மாதம் எழுதுகிறேன்.